இடுப்பு வலிக்கு 'என்ஏஎன்ஏ' போட்டுவிட்டார்களா?

ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது நடக்கும் மருத்துவக் குழுப் பரிசோதனையான ரிலீஸ் மெடிக்கல் போர்டு முடிந்து, அதன் முடிவு எழுதிய ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 படிவம் கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் போவது ஊனச் சதவீதக் கட்டத்துக்குத்தான். இருபது போட்டிருந்தால் ஒரு நிம்மதி. ஆனால் பென்ஷன் உண்டா இல்லையா என்பது அதற்கு முன்னால் இருக்கும் சின்னக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. முதுகெலும்பு கேஸ்களில் அது பெரும்பாலும் இப்படி இருக்கும்: நோய், பிஐவிடி எல்4-எல்5 (இடுப்பு டிஸ்க் பிதுங்கல்). பணியால் ஏற்பட்டதா? இல்லை. பணியால் மோசமடைந்ததா? இல்லை. காரணம், பீஸ் ஸ்டேஷனில் (போர்ச்சூழல் இல்லாத முகாமில்) தொடங்கியது, தேய்மான வகை நோய். ஊனம் 20 சதவீதம், வாழ்நாள் முழுமைக்கும். பென்ஷனுக்குத் தகுதியான ஊனம், 'நில்', அதாவது எதுவும் இல்லை.

இந்த இரண்டு 'இல்லை'யையும் சேர்த்துத்தான் 'என்ஏஎன்ஏ' என்கிறார்கள். பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று அர்த்தம். இரண்டில் ஏதாவது ஒன்று 'ஆம்' ஆனால் போதும், ஊனத்துக்கான பென்ஷன் பகுதியான டிசபிலிட்டி எலிமென்ட் கிடைக்கும். இரண்டையும் நிரூபிக்கத் தேவையில்லை. இது தெரியாமல் "பணியில்தான் வந்தது" என்பதற்கே முழு மூச்சையும் செலவழிக்கும் மனுக்கள் ஏராளம். டிஸ்க் விஷயத்தில் "பணியால் கூடியது" என்பதுதான் எளிதான வழி.

முதலில் பணக் கணக்கு. 100 சதவீத ஊனத்துக்கு டிசபிலிட்டி எலிமென்ட் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பேசிக், எம்எஸ்பி (ராணுவப் பணிக்கான கூடுதல் சம்பளம்) எல்லாம் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் தொகை 45,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 சதவீதத்துக்கு 13,500. 20 சதவீதத்துக்கு 2,700. இங்கேதான் 'பிராட் பேண்டிங்' வருகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் 31.1.2001 கடிதப்படி 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76-க்கு மேல் 100 ஆகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் 20 சதவீதக்காரருக்கு 6,750 ரூபாய், அதன் மேல் டிஏ ரிலீஃப் (அகவிலை நிவாரணம்). முதலில் இந்தச் சலுகை உடல்நிலை காரணமாக வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 10.12.2014 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போர்க்களக் காயம் என்று ஏற்கப்பட்டால் கணக்கே வேறு. அங்கே 30 அல்ல, 60 சதவீதம்.

உங்களுக்கு எந்த விதி என்பது டிஸ்சார்ஜ் ஆன தேதியைப் பொறுத்தது. 1.1.2008-க்கு முன் வந்தவர்களுக்கு 1982 என்டைட்டில்மென்ட் ரூல்ஸ், அதாவது பென்ஷன் தகுதி விதிகள். அதன் பிறகு 2008 விதிகள். 21.9.2023 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. பணிக்காலம் முடித்து வருபவர்களுக்கு 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று அதில் பெயரே மாறிவிட்டது, அது தனிக் கதை. இங்கே எழுதுவது 2023 செப்டம்பருக்கு முன் வெளியே வந்தவர்களை மனதில் வைத்துத்தான். நண்பருடைய மனுவை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிப் போடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்தத் தேதியில்தான்.

1982 விதிகளில் 14(பி) என்று ஒன்று உண்டு. பணியில் சேரும்போது நோய் பற்றி எந்தக் குறிப்பும் இல்லையென்றால், அது பணிக்காலத்தில் வந்ததாகவே கொள்ள வேண்டும். சேர்க்கைப் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு நினைத்தால், காரணத்தை எழுத வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2.7.2013 தரம்வீர் சிங் தீர்ப்பு நிற்பது இந்த அடித்தளத்தின் மேல்தான். நிரூபிக்கும் சுமை ராணுவ வீரர் மேல் இல்லை, சந்தேகம் வந்தால் பலன் அவருக்கு, காரணம் எழுதாத மெடிக்கல் போர்டு கருத்துக்கு மதிப்பில்லை என்பதுதான் அதன் சாரம்.

2008 விதிகள் வேறு மாதிரி. சேர்க்கைப் பரிசோதனை மேலோட்டமானது, உள்ளே ஒளிந்திருக்கும் நோய் தெரியாமல் போகலாம், பணிக்காலத்தில் வெளிப்பட்டது என்பதாலேயே பணியால் வந்தது ஆகாது என்று அதன் 5-ஆம் விதி எழுதி வைத்திருக்கிறது. ஆகவே 2008-க்குப் பின் வந்தவர் தரம்வீர் சிங் தீர்ப்பை மட்டும் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால், எதிர்த்தரப்பு இந்த 5-ஆம் விதியை நீட்டும். அதற்குப் பதில் அதே விதிகளின் 11-இல் இருக்கிறது. பணியின் குறிப்பிட்ட சூழ்நிலைகளால் நோய் சீக்கிரம் தொடங்கினாலோ, தொடங்கிய பின் வேகமாக மோசமானாலோ, அது பணியால் கூடியது என்று ஏற்க வேண்டும். ஃபீல்ட், ஆபரேஷன், உயரமான மலைப்பகுதி, கடும் தட்பவெப்பம் என்று உதாரணங்களும் அதிலேயே இருக்கின்றன. "குறிப்பிட்ட" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 'கஷ்டமான வேலை பார்த்தேன்' என்பது குறிப்பிட்டது ஆகாது.

இன்னொரு ஆயுதம் பலருக்குத் தெரிவதில்லை. 'பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது' என்பது போர்டுக்குப் பிடித்த காரணம். ஆனால் 1983 ஆம் ஆண்டின் ஆயுதப் படை மருத்துவப் பணி ஒழுங்குமுறைகளில் 423-ஆம் பத்தியின் (ஏ) பிரிவு, ஊனத்துக்கான காரணம் ஃபீல்டில் நிகழ்ந்ததா, சாதாரண பீஸ் சூழலில் நிகழ்ந்ததா என்பது பொருட்டல்ல என்று நேராகச் சொல்கிறது. தரம்வீர் சிங் தீர்ப்பே இதை எடுத்துக்காட்டுகிறது. மருத்துவ ரீதியாகவும் அந்தக் காரணம் நிற்காது. டிஸ்க் ஒரே நாளில் தேய்வதில்லை. இரண்டரை வருடம் மலையில் சுமை தூக்கியவருக்கு, பீஸ் ஸ்டேஷனுக்கு வந்து எம்ஆர்ஐ எடுக்க வாய்ப்புக் கிடைக்கும்போதுதான் நோய்க்குப் பெயர் கிடைக்கிறது. பெயர் வைத்த தேதியை நோய் பிறந்த தேதியாக எழுதிவிடுகிறார்கள். 'வயதுத் தேய்மானம்' என்பதும் அப்படித்தான். பதினேழு வருடம் முடித்து 36, 37 வயதில் வீடு திரும்புகிற சிப்பாய்க்கு என்ன வயோதிகம்?

காயமா, நோயா என்பதை ஆரம்பத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். பிடி (உடற்பயிற்சி) நேரத்தில் விழுந்தது, கயிறு ஏறும்போது பிடி நழுவியது, வண்டி கவிழ்ந்தது எல்லாம் காயம். அதற்கு ஐஏஎஃப்ஒய்-2006 என்ற இஞ்சுரி ரிப்போர்ட் போட்டிருக்க வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. விழுந்தவரை யூனிட்டின் மருத்துவ அறையான எம்ஐ ரூமுக்கு அனுப்புவார்கள், வலி மாத்திரையும் மூன்று நாள் எக்ஸ்யூஸ் டூட்டியும் (பணி விலக்கு) கிடைக்கும், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று விட்டுவிடுவார். இரண்டு வருடம் கழித்துக் கால் மரத்துப்போகும்போது எம்ஆர்ஐ எடுத்து 'பிஐவிடி' என்பார்கள். அந்த நொடியில் காயம் நோயாக மாறிவிட்டது. இஞ்சுரி ரிப்போர்ட் இல்லாவிட்டாலும் எம்ஐ ரூம் பதிவு, எக்ஸ்யூஸ் டூட்டி சீட்டு, அன்று கூட இருந்தவர்களின் எழுத்துமூலமான வாக்குமூலம் எல்லாம் உதவும். இன்னும் பணியில் இருப்பவர் இதைப் படித்தால், ரிப்போர்ட்டை இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். லீவில் ஊருக்கு வந்தபோது பைக்கில் விழுந்து முதுகு போனால் பணியோடு தொடர்பு காட்டுவது கடினம். ஆனால் லீவுக்குப் போகும், திரும்பும் வழியில் நடந்தால் அதைப் பணியாகக் கருத இடம் உண்டு, டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

காகிதங்களை வாங்க ஆர்டிஐ போதும். பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸின் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் மனு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன், எம்இஜி-க்கு பெங்களூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக், இஎம்இ-க்கு செகந்திராபாத். 'என் ஃபைலை அனுப்புங்கள்' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் ஒரு பக்கம் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: சேர்க்கை மருத்துவப் பரிசோதனைப் படிவம், பணிக்காலத்தில் மருத்துவ வகை நிர்ணயித்த எல்லா கேட்டகரைசேஷன் போர்டு தாள்களும் (ஏஎஃப்எம்எஸ்எஃப்-15), ரிலீஸ் மெடிக்கல் போர்டின் முழு ஏஎஃப்எம்எஸ்எஃப்-16, இஞ்சுரி ரிப்போர்ட், போஸ்டிங் விவரத்துடன் ஷீட் ரோல் (பணிப் பதிவேடு), க்ளெய்மை நிராகரித்த கடிதம். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுகிற நடைமுறை உண்டு. அந்தக் கெடு நெருங்குகிறவர்கள் மற்றதை விட்டுவிட்டு முதலில் ஆர்டிஐ போடுங்கள்.

காகிதங்கள் வந்த பிறகு செய்ய வேண்டிய முக்கிய வேலை ஒரே ஒரு தாள். நான்கு பத்தி கட்டம் போடுங்கள். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் இடம் (ஃபீல்டா, பீஸா, 9,000 அடிக்கு மேலா), மூன்றாவதில் முதுகின் மேல் விழுந்த சுமை, நான்காவதில் மருத்துவப் பதிவு. மூன்றாவது பத்திதான் உயிர். 'ஆர்ட்டிலரியில் இருந்தேன்' என்று எழுதினால் அது ட்ரேடு பெயர். 'மீடியம் ரெஜிமென்டில் கன் டிடாச்மென்ட். 40 கிலோவுக்கு மேல் எடையுள்ள 155 மி.மீ. குண்டுகளைக் குனிந்து தூக்கி ஏற்றுவது. பயிற்சி முகாம்களில் நாள் முழுக்க' என்று எழுதினால் அது காரணம். ஓட்டுநரென்றால் ஸ்டாலியன் லாரியில் எத்தனை வருடம், எந்த மலைப்பாதை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். உட்கார்ந்தபடி வாங்கும் அதிர்வு இடுப்பு டிஸ்க்கைப் பாதிக்கும் என்பது எலும்பு மருத்துவருக்கு நன்றாகத் தெரியும், அவர் கண்ணில் படும்படி வைப்பதுதான் உங்கள் வேலை. மோர்ட்டார்காரர் பேஸ் பிளேட்டை முதுகில் கட்டி ஏறிய ரோந்துகளை எழுதட்டும். சிக்னல்காரர் செட்டையும் பேட்டரியையும் எழுதட்டும். நான்காவது பத்தியில் எம்ஐ ரூம் போன ஒவ்வொரு தேதியும். சுமை வந்த மாதத்துக்கும் வலி பதிவான மாதத்துக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால் பாதிக் கேஸ் முடிந்தது. மெடிக்கல் அதிகாரிகளுக்கான மிலிட்டரி பென்ஷன் கையேட்டில் (2008 திருத்தப் பதிப்பு) நோய்வாரியான பத்திகள் இருக்கின்றன. உங்கள் நோய்க்கான பத்தியை எடுத்து, அது கேட்பதற்கும் உங்கள் தாள் சொல்வதற்கும் பொருத்தம் பாருங்கள். போர்டு தன் கையேட்டையே மீறியிருந்தால் அதைவிட நல்ல வாதம் கிடையாது.

நரம்பு பற்றிய பகுதி

இடுப்பு வலியை மட்டும் சொல்லி, காலுக்குப் போகும் நரம்பை விட்டுவிடுவது பெரிய தவறு. வலி என்பது சொல். நரம்பு பாதிப்பை அளக்க முடியும்.

எல்5 நரம்பு அழுந்தினால் கட்டை விரலையும் பாதத்தையும் மேலே தூக்கும் பலம் குறையும். குதிகாலால் நடக்கச் சொன்னால் பாதம் தொங்கும். எஸ்1 என்றால் குதிகால் ரிஃப்ளெக்ஸ் போய்விடும், நுனிக்காலில் எழும்ப முடியாது. எல்4 என்றால் முட்டி ரிஃப்ளெக்ஸ் மங்கும். கழுத்தில் சி6-க்கு மேல்கை முன்தசை ரிஃப்ளெக்ஸ், சி7-க்குப் பின்தசை. போர்டு டாக்டர் தசை பலத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை எண்ணில் எழுத வேண்டும். 'நியூரோ டெஃபிசிட் இல்லை' என்று ஒரு வரியில் முடித்திருந்தால், எந்தத் தசையைச் சோதித்தார்கள், எந்த ரிஃப்ளெக்ஸ் பார்த்தார்கள் என்று மனுவில் கேளுங்கள். கெண்டைக்கால் சுற்றளவு இன்னொரு நல்ல சாட்சி. இரண்டு காலிலும் முட்டிக்குக் கீழே ஒரே தூரத்தில் டேப் வைத்து அளந்து, பாதிக்கப்பட்ட காலில் தசை கரைந்திருந்தால் அதை மறுக்க முடியாது.

நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தை அளக்கும் என்சிவி பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்க் நரம்பை அழுத்துவது தண்டுவடத்தை ஒட்டி. உணர்ச்சி நரம்பின் உயிரணு முடிச்சு அதற்கு வெளியே இருக்கிறது. அதனால் கால் மரத்திருந்தாலும் உணர்ச்சி நரம்பின் என்சிவி நார்மலாகவே வரலாம். 'என்சிவி நார்மல், ஆகவே நரம்பு பாதிப்பு இல்லை' என்ற வரி அதனாலேயே தப்பு. ஊசி போட்டுத் தசையைப் பார்க்கும் இஎம்ஜி சேர்த்து எடுக்க வேண்டும். அதுவும் நரம்பு அடிபட்டு ஏறக்குறைய மூன்று வாரம் ஆன பிறகுதான் மாற்றம் காட்டும். எம்ஆர்ஐ-யிலும் 'டிஸ்க் பல்ஜ்' என்பதற்கும் 'நரம்பு வேரை அழுத்தும் எக்ஸ்ட்ரூஷன்' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ரிப்போர்ட்டின் கடைசி இரண்டு வரியை மட்டும் ஜெராக்ஸ் போடாமல் முழுவதையும் வையுங்கள்.

கேஸெல்லாம் அப்புறம், முதலில் இது: தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் நின்றுபோவது, மலம் தெரியாமல் போவது மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். அறுவை சிகிச்சை தாமதமானால் போன உணர்வும் கட்டுப்பாடும் திரும்ப வராமலே போகலாம். அப்படி வந்து போனவர்கள் அந்தச் சிறுநீர் பிரச்சினையைத் தனி ஊனமாகப் போர்டில் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பல ஊனங்களுக்குப் போர்டு கூட்டுச் சதவீதம் போடும். அது நேராகக் கூட்டிய தொகையாக இருக்காது, என்ஏஎன்ஏ ஆன ஊனம் கணக்கிலும் வராது.

இருபதுக்குக் கீழே

'15-19 சதவீதம்' என்று எழுதியிருந்தால் வழி வேறு. பணிக்காலம் முடித்து வந்தவருக்கு 20-க்குக் கீழ் டிசபிலிட்டி எலிமென்ட் கிடையாது, பிராட் பேண்டிங்கும் கிடையாது. 11.12.2019 அன்று விங் கமாண்டர் எஸ்.பி. ராத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. இந்த நிலையில் என்ஏஎன்ஏ-வை எதிர்த்து மட்டும் வாதாடினால் ஜெயித்தும் கைக்கு ஒன்றும் வராது. சதவீதத்தையே எதிர்த்து, அப்பீல் மெடிக்கல் போர்டு கேட்க வேண்டும். மேலே சொன்ன தசை பலம், சுற்றளவு, இஎம்ஜி எல்லாம் அங்கேதான் வேலை செய்யும். உடல்நிலை காரணமாகப் பாதியில் வெளியேற்றப்பட்டவர் நிலை வேறு. வேலையை விட்டே அனுப்பிவிட்டு 20-க்குக் கீழ் என்பது பொருந்தாது என்ற கருத்தை 2014 சுக்விந்தர் சிங் தீர்ப்பு ஏற்றிருக்கிறது. சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே வந்தவர்களுக்கும் 1.1.2006-க்குப் பிறகு வந்திருந்தால் கதவு திறந்தே இருக்கிறது. 29.9.2009 அரசுக் கடிதத்தைச் சேர்க்க வேண்டும்.

படிகள்

நிராகரிப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக முதல் அப்பீல் கமிட்டிக்குப் போகும். அங்கேயும் இல்லை என்றால் இரண்டாவது அப்பீல், பென்ஷனுக்கான இரண்டாம் அப்பீல் கமிட்டிக்கு. முதல் அப்பீலை வெறும் சடங்காக நினைத்து அரைப் பக்கத்தில் முடிக்காதீர்கள். பின்னால் டிரிபியூனலில் காட்டப்போகும் தாள்கள் எல்லாம் இங்கேயே பதிவாகிவிட்டால், 'இதை இப்போதுதான் சொல்கிறார்' என்று யாரும் சொல்ல முடியாது. ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதமாகப் பதிலே இல்லாவிட்டால், டிரிபியூனலுக்குப் போக அந்த ரசீதுதான் உங்கள் நுழைவுச் சீட்டு.

அடுத்தது அந்த டிரிபியூனல், அதாவது ஆயுதப் படைத் தீர்ப்பாயம். 2007 சட்டத்தின் 14-ஆம் பிரிவில் ஓஏ (ஒரிஜினல் அப்ளிகேஷன் என்ற மூல மனு) போட வேண்டும், தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை பெஞ்ச். இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதம் கெடு. தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கும் மனு தனியாக வேண்டும். பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் பழைய கேஸ்களும் உள்ளே வருகின்றன. ஆனால் தாமதமாகப் போனவருக்கு நிலுவையை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குச் சுருக்கும் வழக்கம் 2008 தர்செம் சிங் தீர்ப்பிலிருந்து இருக்கிறது. 2012-இல் வந்தவர் 2022-இல் மனு போட்டால், அந்தக் கணக்குப்படி ஏழு வருடப் பணம் போன மாதிரி. 2008 விதிகளில் இன்னொரு கத்தியும் உண்டு: டிஸ்சார்ஜ் ஆகி 15 வருடத்துக்குப் பிறகு க்ளெய்ம் செய்தால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலைக்கு வந்துவிடும்.

ஓஏ-வில் கேட்கும் பரிகாரத்தைத் துல்லியமாக எழுதுங்கள். 'டிசபிலிட்டி பென்ஷன் தர வேண்டும்' என்று மட்டும் கேட்டவர்கள் 20 சதவீத உத்தரவு வாங்கிவிட்டு, பிராட் பேண்டிங்குக்காக இரண்டாவது முறை படியேறியிருக்கிறார்கள். நிராகரிப்பை ரத்து செய்வது, பணியால் கூடியதாக அறிவிப்பது, 20-ஐ 50-ஆக உயர்த்துவது, டிஸ்சார்ஜ் ஆன மறுநாளிலிருந்து நிலுவை, தாமதமானால் வட்டி என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஜெயித்த பிறகு அரசு உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போகலாம். 2023 பரஷோத்தம் தாஸ் தீர்ப்புக்குப் பின் உயர் நீதிமன்ற ரிட் வழி இரு தரப்புக்குமே தெளிவாக இருக்கிறது. உத்தரவில் சொன்ன கெடு முடிந்தும் ஒன்றும் நடக்காவிட்டால் அதே பெஞ்சில் உத்தரவை நிறைவேற்றக் கோரும் எக்ஸிகியூஷன் மனு.

கடைசியில் பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் திருத்திய பிபிஓ (பென்ஷன் ஆணை) ஏறும். அதைத் திறந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள். டிசபிலிட்டி எலிமென்ட் தனி வரியாக இருக்கிறதா, சதவீதம் 50 என்று இருக்கிறதா இல்லை பழைய 20-ஆ, தொடக்கத் தேதி உத்தரவில் உள்ள தேதிதானா. 20 என்றே ஏற்றி அனுப்பியிருந்தால் உத்தரவு நகலை இணைத்துப் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.